உதைத்துக் கிளப்பிய வண்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், மழைக்காலத்தில் வண்டியைப் பராமரிப்பது பற்றிய ஒரு பதிலின் நடுவே, என் தந்தையார் வைத்திருந்த ஜாவா மோட்டார் சைக்கிளைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். கேட்ட கேள்விக்கு அந்த இரண்டு வரியும் தேவையில்லாதவைதாம். ஆனால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவற்றைப் பற்றியே இருந்தன. ஆகவே இந்த இதழில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 1979-இல் எங்கள் அப்பாருவின் ஜாவாவில்தான் வண்டி பழகினேன். இன்று மகன் வாங்கித் தந்த வண்டி பொத்தானைத் தொட்டால் கிளம்புகிறது, மைலேஜும் தருகிறது, எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் எங்காவது ஒரு ஜாவாவின் சத்தம் காதில் விழுந்தால் கடைவீதியில் அப்படியே நின்றுவிடுகிறேன். இது வண்டியின் மேல் உள்ள ஆசையா, அல்லது கழிந்துபோன வயதை நினைத்து ஏங்குவதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: வயதை நினைத்து ஏங்குவது மட்டும்தான் என்றால், அந்த வயதில் நம்மோடு இருந்த மற்ற பொருள்களைப் பார்த்தாலும் நாம் இப்படி நிற்க வேண்டும். என் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ஒன்று கிடக்கிறது. அதை எடுத்துத் துடைத்து வைத்தபோது எனக்குள் எதுவும் அசையவில்லை. வண்டி அப்படியன்று. அது நம் கைக்கும் காலுக்கும் காதுக்கும் வேலை கொடுத்தது. அந்த வேலையைக் கற்றுக்கொண்ட கையும் காலும் இன்னும் நம்மிடம்தான் இருக்கின்றன. சத்தம் கேட்டதும் அவைதாம் முதலில் விழித்துக்கொள்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

ஜாவாவின் இடப்பக்கத்தில் இருந்த அந்த ஒற்றைக் கம்பியை எண்ணிப் பாருங்கள். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கர். வண்டி கிளம்பியதும் கீழே மடக்கிவிட்டால் அதுவே கியர் லிவர். கியரை மாற்றும்போது அந்த லிவரே கிளட்சையும் விடுவித்துவிடும் என்பதால், பழகியவர்கள் கையால் கிளட்சைப் பிடிக்காமலேயே கியர் போடுவார்கள். முதன்முதலில் ஓட்ட வருபவன் கிக்கர் எங்கே என்று தேடித் தடுமாறுவதும், வீட்டுப் பெரியவர் வந்து ஒரே மிதியில் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போவதும் அன்றைக்கு எல்லா ஊரிலும் நடந்தவை. சாவி என்று ஒன்று இருந்தது. அதைச் சாவி என்பதைவிட ஆணி என்பதே பொருந்தும். முகப்பு விளக்கின் மேல் செருகி அழுத்தினால் போதும்.

நமக்கு ஜாவா அயலூர் வண்டியாகத் தோன்றாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த அந்த வண்டியை, 1961 முதல் மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை உருவாக்கியது. எழுபதுகளில் அதன் பெயர் எஸ்டி என்று மாறியது. 1996-இல் தொழிற்சாலையே மூடப்பட்டது. சத்தியமங்கலத்தில் இருந்து திம்பம் ஏறி, ஆசனூர் தாண்டி, சாமராஜநகர் வழியாகப் போனால் மைசூர்தானே? பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்த என் தந்தையார், கட்டுகளைப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் மைசூருக்குப் போய் வருவார். போகும்போது பண்ணாரியில் நிறுத்தி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, எஞ்சினைத் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகுதான் மலையேறுவார்.

ஏறுவதைவிட இறங்குவதே கவனமாகச் செய்ய வேண்டியது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். அதன் காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை. ஜாவா இரட்டை ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு லிட்டருக்கு 30, 40 மில்லி என்று கலந்து ஊற்றுகிற எண்ணெய்தான் அதன் பிஸ்டனுக்கு வழுவழுப்புத் தருகிறது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்ரோலோ உள்ளே போகாது, ஆகவே எண்ணெயும் போகாது. பத்தொன்பது வயதில் தனியாக வந்த ஒரு மாலையில் நான் அப்படித்தான் இறங்கினேன். பாதி மலையில், யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுத்ததைப் போலப் பின்சக்கரம் கட்டிக்கொண்டு வழுக்கியது. கிளட்சை அழுத்திப் பிடித்ததால் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒதுங்கிப் பிழைத்தேன். பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. யானை நடமாட்டம் உள்ள இடத்தில், இருட்டுவதற்குள் எஞ்சின் ஆற வேண்டுமே என்று கையால் விசிறிக்கொண்டு நின்ற அரை மணி நேரம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஆறிய பிறகு கிக்கர் மெல்ல இறங்கியது, வண்டியும் கிளம்பியது. அதன் பிறகு எந்த இறக்கத்திலும் இரண்டு வளைவுக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்து மூடாமல் நான் இறங்கியதில்லை. இப்போது ஓட்டும் வண்டிக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் மணிக்கட்டு தானாகத் திரும்புகிறது. ஆசிரியர் ஐயா, உங்களைக் கடைவீதியில் நிறுத்துவதும் இப்படி உடம்பில் தங்கிவிட்ட ஒன்றுதான்.

கேள்வி: எனக்கு வயது 24, பனியன் கம்பெனியில் வேலை. யமஹா ஆர்.எக்ஸ். 100 வாங்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளில் இருந்தே ஆசை. கேட்கிற விலையைப் பார்த்தால் புதிய வண்டியே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. அந்த வண்டிக்கு அவ்வளவு மதிப்பு உண்டா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில், உண்டு என்றுதான் சொல்வேன். எஸ்கார்ட்ஸ் நிறுவனமும் யமஹாவும் சேர்ந்து 1985-இல் இதை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தன. 1996 வரை உற்பத்தி நடந்தது. 98 சி.சி., 11 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 100 கிலோதான். எஞ்சின் தண்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு வெடிப்பு நிகழ்கிற இரட்டை ஸ்ட்ரோக் எஞ்சின், இவ்வளவு எடை குறைந்த உடம்பில் உட்கார்ந்தால் எப்படிப் பாயும் என்பதை அவிநாசி சாலையில் அன்றைக்குப் புல்லட்டில் போனவர்கள் நன்றாக அறிவார்கள். நூறு சி.சி. வண்டி ஒன்று தங்களைத் தாண்டிப் போவதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் தம்பி, நீங்கள் வாங்கப் போவது குறைந்தது முப்பது வருடம் ஓடிய வண்டி என்பதை மறக்காதீர்கள். வர்ணத்தையும் புதிய ஸ்டிக்கரையும் பார்த்து விலை பேச வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் டார்ச் அடித்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, அந்த இடம் மட்டும் தேய்க்கப்பட்டு மினுமினுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். எண்ணை அழித்துப் புதிதாகக் குத்திய வண்டிகள் சந்தையில் உள்ளன. திருட்டு வண்டியை வாங்கியவர் காவல் நிலையத்துக்கு அலைவதை நான் கண்டிருக்கிறேன். பதிவு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறதா, விற்பவர் பெயரிலேயே ஆர்.சி. இருக்கிறதா என்பதும் முக்கியம். இவற்றில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு சைலன்ஸரை அறுக்காதீர்கள். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். இரட்டை ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்ஸர் சத்தத்தைக் குறைப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. எரிந்த புகையோடு வெளியே ஓடப் பார்க்கிற புதுக் கலவையை, அழுத்த அலையால் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும்படி அதன் வயிறும் வாலும் கணக்குப் பார்த்து அமைக்கப்பட்டிருக்கின்றன. அதை அறுத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும், ஊர் தூங்காது. அப்படியும் கொஞ்சம் கலவை எரியாமல் வெளியேறத்தான் செய்கிறது. நீலப் புகையும் அந்த மணமும் அதனால் வருபவைதாம். புகைக் கட்டுப்பாடு இறுகியபோது இந்த வகை வண்டிகளால் தாக்குப்பிடிக்க முடியாமல் போனது நியாயமே. திருப்பூர் போன்ற நெருக்கடி மிகுந்த ஊரில் அன்றாடம் வேலைக்குப் போக இதைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பதால், முன்னால் போகிற புதிய வண்டி நிற்கிற இடத்தில் இது நிற்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுங்கள்.

இன்னொன்று. இப்போது பங்குகளில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அந்தக் கால ரப்பர் குழாயும் வாஷரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் குழாயாக மாற்றிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் பெட்ரோல் பிடியை மூடி, கார்புரேட்டரில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வண்டியா, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோ என்று சென்னையில் இருக்கிறவர்கள்கூடச் சொல்கிறார்களே, நம் ஊருக்கு அப்படி என்ன தனித்தன்மை?
(வாசகர், பீளமேடு, கோவை)

பதில்: லேத் பட்டறைகள்தாம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிப் பாகம் செய்யவும், தோட்டங்களுக்கு மோட்டாரும் பம்பும் செய்யவும் வார்ப்படச் சாலைகளும் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு வந்தன. கடையில் கிடைக்காத பாகம் என்றால் மற்ற ஊர்களில் வண்டி ஓரம் கட்டப்படும். இங்கே அந்தப் பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை வாங்க" என்பார்கள். என் எஸ்டியின் கனெக்டிங் ராடுக்கு ஒரு புஷ் தேவைப்பட்டபோது கணபதியில் ஒரு பட்டறைக்காரர் கன்மெட்டல் துண்டைக் கடைந்து கொடுத்தார். பிஸ்டன் பின்னுக்கு எண்ணெய் தடவி அதில் செருகினார். தானாக விழவில்லை, கட்டை விரலால் அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அளவுகோலை அவர் அதற்குப் பிறகுதான் எடுத்தார், எனக்குக் காட்டுவதற்காக.

இந்த மண்ணில் மோட்டார் சைக்கிளின் கதை ஜி.டி. நாயுடுவிடம் தொடங்குகிறது என்று சொல்லலாம். கலங்கல் கிராமத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டி வந்த வண்டியைக் கண்டு வியந்த அந்த இளைஞர், கோவைக்கு வந்து உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் செய்த முதல் வேலை அதை முழுவதும் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டியதுதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் பேருந்து ஓட்டியதும், பிறகு அவர் செய்த எத்தனையோ பொறிகளும் அந்தப் பிரித்துப் பூட்டலுக்குப் பின்னர் வந்தவை. பிரித்தால் பூட்ட முடியும் என்கிற துணிவு கோவையின் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. அந்தத் துணிவுள்ள முதியவர்கள் இருக்கும்போதே உங்களைப் போன்றவர்கள் அருகில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

கேள்வி: எங்கள் அப்பிச்சியின் 1971-ஆம் ஆண்டு ராஜ்தூத் நல்ல நிலையில் உள்ளது. அதைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம் என்கிறார்களே, நல்லதா?
(வாசகர், தாராபுரம்)

பதில்: செய்யலாம். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு கடந்த, அடிப்படை அமைப்பு மாற்றப்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை இந்த வகையில் பதிவு செய்யலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம். அப்பிச்சியின் வண்டியில் வாரம் ஒருமுறை சந்தைக்குப் போய்வருவது உங்கள் விருப்பம் என்றால், வழக்கமான பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு அதற்கே.

கேள்வி: என் தந்தையாரின் 1986-ஆம் ஆண்டுப் புல்லட், அவர் காலமான பின் ஆறு ஆண்டுகளாகத் தோட்டத்துச் சாளையில் நிற்கிறது. விற்றுவிடலாம் என்கிறார் என் அண்ணன். கேட்டு வருகிறவர்களும் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. நான் ஸ்கூட்டர் ஓட்டுவேன். அந்த வண்டியை நானே ஓட்ட முடியுமா, அல்லது நினைவாகத் துடைத்து வைத்துக்கொள்வதுதான் சரியா?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: ஓட்டுங்கள், அம்மா. நிறுத்தி வைத்த வண்டி நினைவாகக்கூட மிஞ்சுவதில்லை. டேங்கின் உள்ளே துருப் பிடிக்கும், டயரில் வெடிப்பு விழும், ரப்பர் இறுகும், எஞ்சினுக்குள் ஈரம் இறங்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே அது போய்க்கொண்டே இருக்கும்.

முதலில் ஆவண வேலையை முடித்துவிடுங்கள். உரிமையாளர் காலமானால் மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்குக் காலம் கடந்துவிட்டதால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அண்ணனின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31-ஐ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுங்கள். பதிவு காலாவதியாகி இருந்தால் படிவம் 25-உம் வேண்டும். வண்டியை நேரில் காட்ட வேண்டும். அண்ணனிடம் கையெழுத்துக் கேட்கும்போது, விற்பதில்லை என்றும், அவர் வந்தால் அவரும் ஓட்டலாம் என்றும் சொல்லிப் பாருங்கள். விற்கச் சொல்கிறவர்களில் பலர், அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிப்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

ஆறு ஆண்டு நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் உதைக்கக் கூடாது. பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, டேங்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் எண்ணெயை மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்திச் சுற்ற வைக்க வேண்டும். பிளக்குக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். பேட்டரி, டயர், டியூப், கேபிள்கள் ஆகியவை எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும். எண்பதுகளின் புல்லட்டை அறிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். 1956 முதல் திருவொற்றியூரில் செய்யப்பட்ட, இரும்பு சிலிண்டர் கொண்ட இந்த எஞ்சின், இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் நம் நாட்டில் பல்லாண்டுகள் மாறாமல் வந்தது என்பதால் உதிரிப் பாகத்துக்குக் கவலை இல்லை.

இனி உதைப்பது. இதற்குப் பலம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; வேண்டியது பக்குவம். ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிற எஞ்சின் அது. தவறான இடத்தில் முரட்டுத்தனமாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். சாவியைப் போட்டதும் விளக்குக் கூட்டின் மேல் உள்ள ஆம்பியர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெல்ல மிதித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் கல்லை மிதித்ததைப் போல நிற்கும். அங்கே இடக்கைப் பக்கம் உள்ள, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை அளவு மட்டும் இறக்குங்கள். ஆம்பியர் முள் நடுவுக்கு வரும். அந்த இடம்தான். லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வர விட்டு, உடம்பின் எடையை அதன் மேல் போட்டு ஒரே சீராக, கடைசி வரை மிதியுங்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகாதீர்கள். உங்கள் தந்தையார் ஒவ்வொரு காலையிலும் அந்த முள்ளைப் பார்த்துத்தான் மிதித்திருப்பார். சிறுமியாக அருகில் நின்றிருந்தால் அவர் குனிந்து பார்த்த அந்தக் கணம் உங்களுக்கு நினைவுக்கு வரக்கூடும்.

கிளம்பிய பிறகு ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அந்தப் புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கையும் கையால் பிடித்துப் பழகிய உங்களுக்கு, அவசரத்தில் கால் எங்கே போக வேண்டும் என்பது உடனே வராது. புதிய மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ஆண்களுக்கோ அவசரத்தில் தவறான கால்தான் போகும். கியர் வண்டி ஓட்ட உங்கள் உரிமத்தில் அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய்க் களம் காலியாக இருக்கும் ஒரு மாலையில், இரண்டாவது கியருக்கு மேல் போகாமல், களத்தின் இந்த ஓரத்தில் கிளம்பி அந்த ஓரத்தில் நிறுத்தி, மீண்டும் கிளம்பி நிறுத்திப் பழகுங்கள். இடக்கால் யோசிக்காமல் பிரேக்கைத் தேடிப் போகிற நாளில், முதலில் தோட்டத்து வண்டித் தடத்துக்கும், ஒரு மாதம் கழித்து, லாரிகள் குறைந்த ஞாயிறு விடியலில், பழனி சாலைக்கும் கொண்டுபோங்கள்.